சாயங்கால உயரம்

கீழே விழுந்த எதையும் அவள் குனிந்து எடுத்து நான் பார்த்ததில்லை. காலி பாபின் விழுந்தாலும் சரி, கொண்டை ஊசி விழுந்தாலும் சரி, முழங்காலை மடக்கிக் குத்தவைப்பாள், எடுப்பாள், அப்படியே எழுந்துவிடுவாள். முதுகு கொஞ்சம்கூடச் சாயாது. நாங்களெல்லாம் இடுப்பை ஒடித்துக் குனிந்து எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவர்கள். அதைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கீழே கிடந்த வேஸ்ட் பஞ்சைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து இடுப்பில் ஓர் அடி வைத்தாள். விளையாட்டு அடி இல்லை, சுள்ளென்று வலித்தது.

“இது இடுப்பா, கதவுக் கீலா மதினி? இப்படி ஆட்டுதிய. நாப்பது வயசுல கம்பு ஊணித்தான் நடப்பிய” என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவளைவிட நான் இரண்டு வயது மூத்தவள். கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்றவள். என் மாமியாரே என் மேல் கை நீட்டியதில்லை. இவள் யார் என்னை அடிக்க? அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை. மற்ற பெண்கள், அவள் அப்படித்தான், முதுகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பைத்தியம், கண்டுகொள்ளாதே என்றார்கள்.

இது எண்பதுகளின் நடுவில். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் ரோட்டோரமாக இருந்த ஒரு நூல் மில். மில்லின் பெயர் வேண்டாம். அவள் பெயரையும் எழுதப் போவதில்லை. அதைச் சொல்லுகிற தகுதியை நான் எப்போதோ கெடுத்துக்கொண்டேன். நான் சோழபுரத்திலிருந்து வருவேன், அவள் மம்சாபுரத்திலிருந்து வருவாள். இரண்டு பேரும் பதிலிகள். பதிலி என்றால், காலை ஆறரைக்கே மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால் உள்ளே கூப்பிடுவார்கள். எல்லாரும் வந்துவிட்டால், கொண்டுவந்த சோற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வருஷக்கணக்கில் இப்படி நின்றோம். நிரந்தரமாக்கு என்று கேட்டால், பார்க்கலாம் என்பார்கள். இன்று நினைத்தாலும் வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை.

அவள் புருஷன் ஆலங்குளம் பக்கம் கல்லுடைக்கப் போனவன். வந்தால் வந்தான், இல்லாவிட்டால் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அவள்தான் எல்லாம். மில்லில் வேலை இல்லாத நாளில் மலையடிவாரத்துக்குப் போய் விறகு கட்டித் தலையில் தூக்கி வருவாள். முதுகைப் பற்றிய ஞானம் அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மில்லுக்குள் இரண்டு மெஷினுக்கு நடுவில் திரும்புகிறபோதுகூட இடுப்பை முறுக்க மாட்டாள். பாதத்தை எடுத்து வைத்து முழு உடம்போடு திரும்புவாள். எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து வழுக்குகிற தரையில் நாங்கள் மாற்றி மாற்றி விழுந்திருக்கிறோம். அவள் ஒரு தரமும் விழுந்ததில்லை.

ஒருமுறை கூட வேலை பார்த்த பெண்ணின் கல்யாணத்துக்கு இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போனோம். இடம் இருந்தது, நான் உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் குலுக்கல் முழுவதும் நட்டெலும்பில் ஏறும், நின்றால் பாதியை முழங்கால் வாங்கிக்கொள்ளும் என்று எனக்குப் பாடம் நடத்தினாள். கம்பியையாவது பிடித்தாளா என்றால் அதுவும் இல்லை. காலை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்டக்டர் கடுப்பாகி, விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது என்று சத்தம் போட்டார். அவர் சொல்லி முடிக்கவும் டிரைவர் பிரேக் போடவும் சரியாக இருந்தது. உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லாரும் முன் சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டோம். அவள் லேசாக ஆடி, நின்ற இடத்திலேயே நின்றாள்.

“உக்காந்திருந்தவியதான் பூராப் பேரும் விழுந்துட்டாவ. மொதல்ல அவியளுக்குப் பதில் சொல்லுங்க” என்று கண்டக்டரைப் பார்த்துச் சொன்னாள். பஸ்ஸே சிரித்தது. மூக்கைத் தேய்த்துக்கொண்டு நானும் சிரித்தேன். அவள் மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்குத்தான் இறங்கியது.

மில்லில் பெண்கள் கை கழுவும் இடத்தில் சுவரில் ஒரு கண்ணாடி பதித்திருந்தார்கள். குறுக்காக ஒரு விரிசல். காலையில் அவள் அதன் முன் நின்றால் நெற்றிப் பொட்டு விரிசலுக்கு மேலே தெரியும். மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து நின்றால் விரிசல் பொட்டின் மேலேயே ஓடும். பொட்டு எப்படி இறங்கும் என்று கேட்டாள். வியர்வையில் வழுக்கியிருக்கும் என்றோம். அவள் விடவில்லை. பாபினுக்கு அடையாளம் போடுகிற நீலச் சாக்பீஸில் ஒரு துண்டை எடுத்து வந்து, காலையில் தூணில் முதுகை ஒட்டி நின்று, தலைக்கு மேல் அட்டையை வைத்துக் கோடு போடச் சொன்னாள். சாயங்காலம் அதே மாதிரி இன்னொரு கோடு. சாயங்காலக் கோடு சுண்டு விரல் நகத்தளவு கீழே இருந்தது.

மறுநாள் எங்கள் எல்லாரையும் நிறுத்தினாள். எல்லாருக்கும் அப்படித்தான் வந்தது. காலையில் ஓர் உயரம், எட்டரை மணி நேரம் நின்ற பிறகு வேறோர் உயரம். என் கோடு எப்போதும் அவள் கோட்டுக்கு ஒரு நெல்மணி அளவு கீழே இருக்கும். காலையோ சாயங்காலமோ, அந்த ஒரு நெல் வித்தியாசம் மாறவே இல்லை.

இதைத் தூக்கிக்கொண்டு மில் டிஸ்பென்சரிக்குப் போய்க் கம்பவுண்டரிடம் கேட்டிருக்கிறாள். அவர் விவரமான மனிதர், படம் வரைந்தே காட்டியிருக்கிறார். வந்து எங்களுக்குச் சொன்னாள்.

“நட்டெலும்பு ஒத்த எலும்பு இல்ல மதினி, அடுக்கு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை இருக்காம். நின்னுக்கிட்டே இருந்தா அமுங்குது. மல்லாக்கப் படுத்தாப் பொறவு உப்பிக்கிடுது.”

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷத்தில் சோற்றை முடித்துவிட்டு, மிச்ச நேரம் சாக்கை விரித்து மல்லாந்து, வேஸ்ட் மூட்டையின் மேல் காலைப் போட்டுக்கொண்டு கிடப்பாள். எழுந்து தூணில் நின்றால் அமுங்கினதில் பாதி திரும்பியிருக்கும். நாங்களும் ஒவ்வொருவராகப் படுக்க ஆரம்பித்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும், மத்தியானத்துக்கு மேல் வருகிற இடுப்பு வலி எனக்கு நன்றாகவே குறைந்தது. ஒரு நாள் மேஸ்திரி பார்த்துவிட்டார். மில் என்ன சத்திரமா, பொம்பளைகள் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிடப்பதற்கு என்று கத்தினார். தூணிலிருந்த கோடுகளை எல்லாம் ஈர வேஸ்டால் எங்களையே துடைக்க வைத்தார். அவள் மட்டும் துடைக்கவில்லை. சாப்பாட்டு நேரம் எங்கள் நேரம், அதில் நிற்பதும் படுப்பதும் எங்கள் இஷ்டம் என்றாள். அதற்காக ஒரு வாரம் அவளைக் கேட்டோடு திருப்பி அனுப்பினார்கள். அந்த மேஸ்திரிக்கு உட்கார நாற்காலி இருந்தது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு தடவை அவளைப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், தலையில் கொய்யாப்பழக் கூடை. கூடையைக் கையால் பிடிக்காமல் கூட்டத்துக்குள் நடந்து வந்துகொண்டிருந்தாள். தலைமுடியில் நரை விழுந்திருந்தது. முதுகு அப்படியே இருந்தது. நான் சட்டென்று பக்கத்திலிருந்த பால்கோவாக் கடைக்குள் நுழைந்து, வேண்டாத பால்கோவாவை நிறுக்கச் சொல்லி, அவள் போகும் வரை தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஏன் ஒளிந்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு எழுத்து எதற்கு?

தூணைத் துடைத்த மறு வருஷம் புது மேனேஜர் வந்தார். வந்ததும் பதிலிப் பெண்களில் ஆறு பேரை நிரந்தரமாக்குவதாக அறிவித்தார். புதிதாக வரும் மெஷின்களின் மேல் வரிசை பாபினுக்குக் கை எட்ட வேண்டும், அதனால் ஐந்தடி உயரம் கட்டாயம் என்றார். பதினோரு பேர் இருந்தோம். உயரம் தேறியவர்களில் முதலில் சேர்ந்தவர்களுக்கு முதலிடம். அவள் எனக்கு மூன்று வருஷம் முன்னால் சேர்ந்தவள். நான்தான் கடைசி. அளப்பது வெள்ளிக்கிழமை, ஷிப்ட் முடிந்த பிறகு, டிஸ்பென்சரியில் இருக்கும் உயரம் பார்க்கிற பலகையில்.

ஷிப்ட் முடிந்த பிறகு என்றதுமே அவள் முகம் மாறிவிட்டது. நேரே மேனேஜரிடம் போய், காலையில் அளக்கச் சொல்லிக் கேட்டாள். காலையில் அளந்தால் வேலை கெடும் என்றார். சாயங்காலம் அளந்தால் நாங்கள் குறைந்து போயிருப்போம் என்றாள். அவர் சிரித்து, மனுஷன் என்ன சோப்பா தேய்வதற்கு என்றாராம். எட்டரை மணி நேரம் ஒரு பெண்ணை நிற்க வைத்து நகத்தளவு அமுக்கிவிட்டு, அமுங்கின அளவை எழுதிக்கொண்டு நீ குட்டை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? அந்த ஆளுக்கு அது கடைசி வரை உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் காட்டியிருக்க மாட்டார்.

வியாழக்கிழமை கை கழுவும் இடத்தில் எங்கள் எல்லாரையும் கூட்டினாள்.

“ஒருத்தியும் நாளைக்கு அந்தப் பலகையில ஏறக் கூடாது. காலையில வைங்க, ஏறுதோம்னு சொல்லுவோம். பதினோரு பேரும் சேந்து நின்னா அவரு என்ன செய்வாரு?” என்றாள்.

எல்லாரும் சரி என்றோம். அவள் கையை நீட்டினாள். அந்தக் கையில் நானும் அடித்துச் சத்தியம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டில் பாய் விரித்து மல்லாந்து, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே காலை நெல் மூட்டையின் மேல் போட்டுக்கொண்டு பகல் முழுவதும் கிடந்தேன். வயிற்றில் ஏறி விளையாட வந்த என் பிள்ளையைக்கூட, முதுகு மெத்தை அமுங்கிவிடும் என்று தள்ளிவிட்டேன். அது அழுதது. அழட்டும் என்று கிடந்தேன். நாளைக்குக் காலையில் எழுந்த உயரத்தோடு போய்த் தனியாக நின்றால் தேறிவிடுவேன் என்ற கணக்கு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

அன்றைக்கு மில்லில் நடந்ததைப் பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள். பலகையில் ஏறாதவர்கள் நாளையிலிருந்து கேட்டுக்கே வர வேண்டாம் என்று மேனேஜர் சொன்னார். அவ்வளவுதான், சத்தியம் செய்தவர்கள் ஒவ்வொருவராக ஏறிவிட்டார்கள். ஐந்து பேர் தேறினார்கள். நாலு பேர் தேறவில்லை. கடைசியில் அவளும் ஏறினாள். அரை நகம் குறைந்தது. கம்பவுண்டர் படம் வரைந்து காட்டியதைச் சொல்லி, அவரிடமே கேளுங்கள் என்றாள். மேனேஜர் திரும்பிப் பார்த்தார். கம்பவுண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை சார் என்றாராம். படித்த மனிதர். அவருக்கும் பிழைப்பு இருந்தது, எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, என்னையும்தான்.

அவள் அழவில்லை. அரை மணி நேரம் பொறுங்கள், படுத்து எழுந்து வருகிறேன், மறுபடி அளந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு, டிஸ்பென்சரி வராந்தாவில் வெறும் சிமெண்ட் தரையில் மல்லாந்துவிட்டாள். பெஞ்சின் மேல் காலைப் போட்டுக்கொண்டு, கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கிடந்திருக்கிறாள். மேனேஜர் சிரித்தார். மேஸ்திரி சிரித்தார். ஷிப்ட் மாறி வந்த ஆண்கள் கூடி நின்று சிரித்தார்கள். தூணில் நின்று கோடு போட்டுப் பார்த்த பெண்களும் சிரித்தார்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சரியாக அரை மணி கழித்து எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள். பலகையை எடுத்து உள் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் டிஸ்பென்சரியில் நின்றேன். காய்ச்சலால் நேற்று வர முடியவில்லை என்றேன். ஒரு இடம்தான் மிச்சம் என்றபடி கம்பவுண்டர் பலகையை எடுத்து வந்தார். ஏறினேன். ஐந்தடி, மயிரிழை பிசகாமல். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். மேனேஜரும் அங்கேதான் இருந்தார். நான் பலகையிலிருந்து இறங்கும்போது அவள் வாசலில் நின்றாள். முந்தின நாள் படுத்துக் கிடந்ததற்காக, உள்ளே விடாதே என்று வாட்ச்மேனுக்குச் சொல்லியிருந்தார்கள். எப்படியோ வந்துவிட்டாள்.

என்னைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதை அவள் கண்ணில் பார்த்தேன். ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜரிடம்தான் பேசினாள். இந்த மதினி என்னைவிட ஒரு நெல் குட்டை, இது மில்லில் எல்லாருக்கும் தெரியும், காலையில் அளந்ததால் இவர் தேறினார், சாயங்காலம் அளந்ததால் நான் தேறவில்லை, இப்போது என்னையும் அளங்கள் என்றாள். ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான் என்றார் மேனேஜர். அவள் நகரவில்லை. அவருக்கும் காலை வேளையில் ஒரு வேடிக்கை வேண்டியிருந்தது போல. சரி, இரண்டு பேரும் பக்கத்தில் நில்லுங்கள், நீ உயரமாக இருந்தால் மறுபடி அளக்கச் சொல்கிறேன் என்றார்.

மறுபடி அளந்தால் அவள் தேறுவாள். தேறினால் அந்த ஆறாவது இடம் முன்னால் சேர்ந்த அவளுக்கு. எனக்கு மறுபடியும் மில் கேட்டுத்தான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லை அந்தக் குரலில்.

“மதினி, செத்த நேரம் எம் முதுகோட ஒட்டி நில்லுங்க.”

நின்றேன். அவள் முதுகு என் முதுகில் பட்டது. கம்பவுண்டர் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்தார். வேலைக்குச் சேலையை இன்னும் தூக்கிச் செருகவில்லை, தரை வரை தொங்கியது. நான் சேலைக்குள் குதிகாலைத் தூக்கினேன்.

இரண்டு தலைக்கும் மேல் ஸ்கேலை வைத்தார்கள். அது அவள் பக்கம் சரிந்தது. என்னைக் காட்டி, இவள்தானே உயரம், என்னம்மா கதை விடுகிறாய் என்று அவளிடம் மேனேஜர் சிரித்தார். கெண்டைக்கால் நடுங்கியது. அந்த நடுக்கம் முதுகு வழியாக அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தே பழகியவள் அவள். என் சேலையை ஒரு சாண் தூக்கிக் காட்டியிருந்தால் போதும், நான் செத்தேன். தூக்கவில்லை. திரும்பக்கூட இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“குதிகாலக் கீழ வைங்க மதினி. முதுகு போயிரும்.”

சொல்லிவிட்டு விலகி நடந்தாள். மேனேஜர் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் வாட்ச்மேனைத் தாண்டி, மில் கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்குகிற வரைக்கும் நான் குதிகாலைக் கீழே வைக்கவில்லை.